வேகமும் வெப்பமும்: ஒரு பழைய கணிப்பொறி கற்பித்த பாடம்

கணிப்பொறியை அதனைச் செய்தவர்கள் குறித்துக் கொடுத்த வேகத்திற்கு மேல் ஓட்டுவதை ஓவர்கிளாக்கிங் என்பர். இக்கட்டுரையில் அதனை 'மிகைவேகம்' என்று வழங்குவோம். பழைய கணிப்பொறிகளை வைத்து இவ்வித்தையைப் பழகுவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் எதிர்கொள்ளும் முதற் கேள்வி வெப்பம். ஆனால் வெப்பத்தை அடக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது பெருந்தவறு. அத்தவற்றைச் செய்தவன் என்ற முறையிலேயே இதனை எழுதுகிறேன். அறிவியல் மாணவர் அல்லாத நண்பர்களும் படிக்கும் இதழ் இது. ஆதலால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தாபோடியில் என் தாய்மாமன் வீட்டில் தங்கி முதுகலை பயில்கிறேன். புனேயிலிருந்து லோணாவளா செல்லும் உள்ளூர் ரயிலில் கட்கிக்கு அடுத்த நிலையம் தாபோடி. முளா, பவனா என்னும் இரண்டு ஆறுகள் இவ்வூருக்கு அருகில்தான் கலக்கின்றன. மாமா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளமையிலேயே பிழைப்புத் தேடி இங்கு வந்தவர். பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டின் முன்னறையில் தமிழ்த் திருமண அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் அச்சுக்கோத்துத் தருகிறார். அதற்கு அவர் வைத்திருப்பது 1999-இல் வாங்கிய ஒரு கணிப்பொறி. யுனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியீடு வைத்திருந்ததை அறிவீர்கள். மாமாவின் எழுத்துருக்கள் அக்காலத்தவை. அவருடைய கோப்புகள் புதிய பொறிகளில் ஒழுங்காகத் திறப்பதில்லை. ஆகவே அந்தக் கிழப்பொறி இன்றும் வேலை செய்கிறது.

அப்பொறியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சில கூடி ஈமச் செலவுக்கென ஒரு சிறு நிதி நடத்துகின்றன. மாதம் 50 ரூபாய் சந்தா. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் அன்றே ஒரு தொகை கையில் தரப்படும். வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கு இதன் அருமை தெரியும். ஆறு மாதத்திற்கு மேல் பாக்கி வைத்தவர்க்கு உதவி கிடையாது என்பது விதி. இக்கணக்கை மாமா பல்லாண்டுகளாக ஊதியமின்றி எழுதி வருகிறார்.

துடிப்பு என்பது என்ன?

கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் குரல் கொடுப்பார்; ஒவ்வொரு குரலுக்கும் கல் ஒரு கை மாறும். கணிப்பொறிச் செயலிக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. குரல் கொடுப்பது தாய்ப்பலகையிலுள்ள துடிப்புச் சுற்று. ஒவ்வொரு துடிப்பிலும் மின்குறிகள் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்கிற்கு மாறுகின்றன. அடுத்த துடிப்பு வருமுன் குறி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேராவிடில் கல் கைநழுவும்.

மாமாவின் பொறியிலிருப்பது இன்டெல் நிறுவனம் 1998 ஆகஸ்டில் வெளியிட்ட செலெரான் 300ஏ என்னும் செயலி. தாய்ப்பலகை அதற்கு 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தருகிறது. செயலி அதை நான்கரை மடங்காக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதாவது ஒரு நொடிக்கு முப்பது கோடித் துடிப்பு. ஒரு துடிப்பிற்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரம் 3.3 நானோநொடி. அந்நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு ஒரு மீட்டர்தான். 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் அவகாசம் 2.2 நானோநொடியாகச் சுருங்கும்.

மிகைவேகம் செலெரானோடு பிறந்ததன்று. 1984-இல் ஐ.பி.எம். வெளியிட்ட பிசி ஏடி என்னும் கணிப்பொறி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதிலிருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் பொறி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்பதைப் பயனாளிகள் கண்டுகொண்டனர். பின்னர் அந்நிறுவனம் பொறியின் தொடக்க நிரலிலேயே வேகத்தைச் சோதித்து, மிகையாயின் ஓட மறுக்கும்படி செய்துவிட்டது.

செலெரான் 300ஏ இவ்வரலாற்றில் தனிப்புகழ் பெற்றது. 66-க்குப் பதில் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைக் கொடுத்தால் அது 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அவ்வாறு ஓடிய செயலிகள் ஏராளம். அதற்குக் காரணம் எளியது. விலையுயர்ந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 செயலிகளும் அதே 0.25 மைக்ரான் உற்பத்தி முறையில் செய்யப்பட்டவையே. 300 என்ற எண் சந்தைக்காக எழுதியது. சிலிக்கனின் ஆற்றல் அதனினும் மிகுதி. மலிவான பொருளில் மறைந்திருந்த அந்த ஆற்றலை வெளிக்கொணர்வதில்தான் இளைஞர்களுக்கு அத்தனை ஆசை.

வெப்பம் ஏன் பிறக்கிறது?

செயலிக்குள் இருப்பவை கோடிக்கணக்கான மின்சுவிட்சுகள். செலெரான் 300ஏ-யில் 1 கோடியே 90 லட்சம் டிரான்சிஸ்டர்கள் உண்டு. ஒரு சுவிட்சு மாறும்போதெல்லாம் சிறிதளவு மின்னூட்டம் நிரம்பி வடிகிறது, அவ்வாற்றல் வெப்பமாகிறது. இவ்வெப்பம் இரண்டு விதிகளுக்கு உட்பட்டது. துடிப்பு வேகம் இரட்டித்தால் வெப்பமும் இரட்டிக்கும். மின்னழுத்தம் இரட்டித்தாலோ வெப்பம் நான்கு மடங்காகும்.

நம் செயலியைக் கொண்டே கணக்கிடுவோம். 300 மெகாஹெர்ட்ஸில், 2.0 வோல்ட்டில், முழு வேலையில் அது வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 19 வாட். 450 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் 28.5 வாட். அவ்வேகத்தில் நிலையாக நிற்கவில்லை என்று மின்னழுத்தத்தையும் 2.2 வோல்ட்டாக்கினால் ஏறத்தாழ 34.5 வாட். வேகம் ஒன்றரை மடங்கு, வெப்பமோ 1.8 மடங்கு.

19 வாட் என்ன பெரிது, ஒரு மின்விளக்கு அளவுதானே என்று கேட்கலாம். பரப்பையும் பார்க்க வேண்டும். அச்சில்லின் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 12 வாட்டுக்கு மேல். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். நகத்தளவுச் சிலிக்கன், பரப்புக்குப் பரப்பு, இஸ்திரிப் பெட்டியை விஞ்சுகிறது.

வெப்பம் கூடினால் கேடு என்ன? சில்லு எரிந்துபோகலாம் என்பது யாவரும் அறிந்த கேடு. 2001-இல் செய்து காட்டப்பட்ட ஒரு சோதனையில், ஓடிக்கொண்டிருந்த ஏஎம்டி அத்லான் செயலியின் மேலிருந்த குளிர்விப்பானை எடுத்தவுடன் அது சில நொடிகளில் பாழாயிற்று. பென்டியம் 4-ஓ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஆயின் அதனினும் நுட்பமான கேடொன்று உண்டு. வெப்பம் மிகுந்தால் சிலிக்கனின் அணுக்கள் அதிகம் அதிர்கின்றன. மின்னணுக்களின் ஓட்டம் இடறுகிறது. ஒவ்வொரு சுவிட்சும் மாறச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கிறது. வெயிலில் களைத்த சித்தாளுக்குக் கை தாமதிப்பது போல என்று கொள்ளுங்கள். மிகைவேகமோ அவகாசத்தைச் சுருக்குகிறது. ஒருபுறம் குரல் விரைகிறது. மறுபுறம் கை தளர்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் பிழை பிறக்கிறது. குளிர்வித்தால் கை விரையும். ஆதலாலேயே வேகம் வேண்டுவோர் குளிர்ச்சியைத் தேடுகின்றனர். 2011-இல் ஏஎம்டி எஃப்எக்ஸ் செயலியொன்று திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டு 8.429 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது.

முதற்படி: குளிர்வித்தல்

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் மாமா என்னை அழைத்து, "மருமகனே, மத்தியானம் ஆனா இது உறைஞ்சு போயிடுது. என்னன்னு பாரேன்" என்றார். அறையில் 38 டிகிரி செல்சியஸ். பொறியைத் திறந்து பார்த்தேன். செயலியின் மேலிருந்த அலுமினியத் துடுப்புக் கட்டை, அதாவது ஹீட் சிங்க், கம்பளி போர்த்தியதுபோல் தூசி மண்டிக் கிடந்தது. அதன் விசிறி தள்ளாடித் தள்ளாடிச் சுழன்றது.

ஆய்வுக்கூடப் பழக்கத்தால் முதலில் அளந்தேன். பெட்டிக்குள் காற்று 48 டிகிரி. துடுப்புக் கட்டையின் அடி 77 டிகிரி. வேறுபாடு 29. இதை 19 வாட்டால் வகுத்தால் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 1.5 டிகிரி கிடைக்கிறது. இதற்கு வெப்பத்தடை என்று பெயர். மின்தடையில் மின்னோட்டம் எப்படியோ அப்படியே இங்கு வெப்பவோட்டம். ஓம் விதி தெரிந்த பள்ளி மாணவனும் இக்கணக்கைச் செய்யலாம்.

தூசியைத் தூரிகையால் துடைத்தேன். காய்ந்து பொடியாகியிருந்த பழைய வெப்பப் பசையைச் சுரண்டி எடுத்துப் புதுப்பசையை மெல்லியதாகத் தடவினேன். உலோகங்கள் இரண்டு தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தோன்றினும், அவற்றிடையே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. காற்று அலுமினியத்தைக் காட்டிலும் பல ஆயிரம் மடங்கு மட்டமான வெப்பக்கடத்தி. பசையின் வேலை அந்தக் காற்றை வெளியேற்றுவதே. ஆகவே பசை மிகுதியானாலும் கெடுதல்தான். பின்னர் ஜூனா பஜாரில் வாங்கிய விசிறியொன்றைப் பொருத்தினேன்.

மறுநாள் அதே மத்தியானம், அதே 38 டிகிரி. பெட்டிக்குள் 43, அடிக்கட்டை 60. வேறுபாடு 17, தடை ஒரு வாட்டுக்கு 0.9 டிகிரி. பொறி உறையவில்லை. மாமா கட்டையைத் தொட்டுப் பார்த்து, "இப்பத்தான் காய்ச்சல் விட்டிருக்கு" என்றார்.

இவ்விடத்தில் ஊர்ப்பெருமை ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன். வெப்பப் பரிமாற்றிகளுக்குப் பெயர்பெற்ற ஆல்ஃபா லாவல் நிறுவனம் இதே தாபோடியில், மும்பை–புனே சாலையில்தான் இருக்கிறது. சூடான நீர்மத்தையும் குளிர்ந்த நீர்மத்தையும் மெல்லிய உலோகத் தகடுகளின் இருபுறமும் ஓடவிட்டு வெப்பத்தை மாற்றும் கருவிகள் அவை. கணிப்பொறிகளும் இப்போது காற்றை விட்டு நீரை நாடுகின்றன. நம் நகரில் 1988-இல் தோன்றிய சி-டாக் நிறுவனம் 1991-இல் பரம் 8000 என்னும் மீக்கணிப்பொறியைப் படைத்ததை அறிவீர்கள். அம்மரபில் வந்து, 2019 முதல் பாஷாணிலுள்ள ஐசர் கல்விநிலையத்தில் இயங்கும் பரம் பிரம்மா, நீரையே செயலிகளின் அருகே கொண்டுசென்று குளிர்விக்கும் முறையை உடையது. ஒரே கன அளவுள்ள நீர், காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தை ஏந்திச் செல்லும் என்பதே அதன் இரகசியம்.

காற்றைக் கொண்டு குளிர்விப்போர்க்குப் புனேயில் சிறியதொரு குறையும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ ஆறு விழுக்காடு குறைவு. அதே விசிறி அதே விரைவில் சுழன்றாலும் அது தள்ளும் காற்றின் நிறை அவ்வளவு குறையும்.

இரண்டாம் படி: பேராசை

வெற்றி தலைக்கேறிற்று. இத்தனை குளிர்ச்சியாக இருக்கும் செயலியை ஏன் 300-இலேயே கட்டிப்போட வேண்டும் என்று எண்ணினேன். மாமாவின் தாய்ப்பலகை இன்டெல் 440எல்எக்ஸ் வகையைச் சேர்ந்தது. அதில் 100 மெகாஹெர்ட்ஸ் கிடையாது. ஜம்பர் எனும் சிறு செருகியை இடம் மாற்றினால் 66, 75, 83 ஆகிய மூன்றும் கிடைக்கும். 83-இல் வைத்தேன். செயலி 373 மெகாஹெர்ட்ஸில் ஓடிற்று. கணக்குப்படி வெப்பம் 23.7 வாட், அடிக்கட்டை 64 டிகிரிக்கு அருகில் இருக்க வேண்டும். இருந்தது. கணக்கும் அளவும் ஒத்துப்போன மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

ஓரிரவு முழுவதும் பொறி உறையாமல் ஓடியது. அதையே சான்றாகக் கொண்டேன். ஜூன் மாதம், பழைய வன்தட்டு ஓசையிடுகிறதென்று இன்னொரு தட்டை இணைத்து, மாமாவின் கோப்புகள் அனைத்தையும் அதில் படியெடுத்தேன். அன்றுமுதல் மாமா புதிய தட்டிலேயே எழுதினார். பழைய தட்டு அலமாரிக்குப் போயிற்று.

ஆச்சியின் எழுநூறு ரூபாய்

செப்டம்பரில் நிதியின் கூட்டம் மாமா வீட்டு முன்னறையில் நடந்தது. கணக்கை அச்சிட்டு வாசித்தார்கள். பக்கத்துச் சந்தில் வாழும் ஆச்சி ஒருவர் பதினாறு மாதத்திற்கு 800 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். தாளில் 400 என்றிருந்தது. எட்டு மாதப் பாக்கி. உதவி பெறும் உரிமை அற்றுப்போன கணக்கு. ஆச்சியின் கணவர் அப்போது படுத்த படுக்கையாக இருந்தார்.

ஆச்சி சத்தம் போடவில்லை. "தம்பி, நான் ஒரு மாசமும் விட்டதில்லையே" என்று மாமாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டிற்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதனுள் பதினாறு ரசீதுகள் நூலால் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மாமாவின் கையெழுத்து.

அறையில் யாரும் பேசவில்லை. ஆனால் அந்த 400 ரூபாய் எங்கே போயிற்று என்ற கேள்வி எல்லார் முகத்திலும் இருந்தது. இத்தனை ஆண்டுகள் ஒரு ரூபாய் பிசகாமல் எழுதிய மனிதர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "நான்தான் தப்பாத் தட்டியிருப்பேன்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஓர் ஐயம் எழுந்தது. அன்று நான் வாய் திறக்கவில்லை. அதை இன்றும் வெட்கத்தோடுதான் நினைக்கிறேன்.

எங்கே பிழை?

அன்றிரவு அலமாரியிலிருந்த பழைய தட்டை எடுத்து, வேகத்தைப் பழையபடி 66-க்கு இறக்கி, இரண்டு தட்டுகளின் கோப்புகளையும் எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டேன். ஐந்து கோப்புகள் மாறியிருந்தன. அவற்றுள் ஒன்று நிதிக் கணக்கு. பழைய தட்டில் ஆச்சியின் மொத்தம் 700. புதிய தட்டில் அதே இடத்தில் 300. அதன்மேல் மாமா இரண்டு மாதச் சந்தாவைக் கூட்டி 400 என்று எழுதியிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை.

ஏழு எவ்வாறு மூன்றாயிற்று? கணிப்பொறி எண்ணுருக்களை ஒன்றுகளாலும் சுழிகளாலும் குறிக்கிறது. ஆஸ்கி குறியீட்டில் 7 என்பது 0110111. 3 என்பது 0110011. வலமிருந்து மூன்றாம் இடத்தில் ஓர் ஒன்று சுழியானால் போதும், ஏழு மூன்றாகிவிடும். கோடிக்கணக்கான கற்கள் கைமாறியதில் ஒரேயொரு கல் நழுவிற்று. அது யார் வீட்டுக் கல் என்பது பொறிக்குத் தெரியாது.

செயலிதான் பிழைத்ததா? விடை முன்பே தெரிந்த பகா எண் கணக்குகளைச் செய்து தன்னைத்தானே சோதிக்கும் நிரல் ஒன்றை 83-இல் இரவு முழுவதும் ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. செயலி குற்றமற்றது. அடுத்து, ஒரே கோப்புத் தொகுதியை ஒவ்வொரு வேகத்திலும் இரவில் பத்து முறையும் மத்தியானத்தில் பத்து முறையும் படியெடுத்து ஒப்பிட்டேன். 66-இல் பிழையே இல்லை. 75-இல் இரவில் பிழையில்லை. பகலில் பத்தில் ஒரு முறை பிழை. 83-இல் இரவில் இரண்டு முறை. பகலில் ஆறு முறை.

காரணம் விளங்கிற்று. தாய்ப்பலகையில் துடிப்பு ஒன்றே பலருக்கும் குரல் கொடுக்கிறது. வன்தட்டுக்குச் செல்லும் வழியிலுள்ள பிசிஐ என்னும் இணைப்புப் பாதை 33 மெகாஹெர்ட்ஸுக்கென வகுக்கப்பட்டது. இப்பலகையில் அது தலைமைத் துடிப்பில் பாதியைப் பெறுகிறது. 66-இல் 33, சரி. 83-இல் 41.5, விதித்த அளவைவிடக் கால் பங்கு மிகுதி. நான் செயலியை மட்டும் விரைவுபடுத்தியதாக எண்ணினேன். உண்மையில் வரிசையிலிருந்த எல்லாரையும் விரட்டியிருக்கிறேன். செயலிக்கு விசிறியும் துடுப்பும் கொடுத்தேன். தட்டை ஆளும் சிறு சில்லுக்கு இரண்டும் இல்லை. மத்தியான வெப்பத்தில் அதன் கை தளர்ந்தது. 100 மெகாஹெர்ட்ஸுக்கென அமைந்த 440பிஎக்ஸ் வகைப் பலகைகளில் பாதைக்கு மூன்றில் ஒரு பங்கே தரப்படுவதால், அங்கு செயலி 450-இல் ஓடினும் பாதை 33-இலேயே நிற்கும். செலெரான் 300ஏ-யின் புகழுக்கு இதுவும் ஒரு காரணம். வேகம் மிகுந்த 100 பிழையின்றி ஓட, வேகம் குறைந்த 83 பிழைப்பது முதலில் விந்தையாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் விந்தையில்லை.

மறுநாள் மாலை மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "எனக்குச் சொன்னது போதாது, எல்லாருக்கும் சொல்லு" என்றார். அடுத்த ஞாயிறு மீண்டும் கூட்டம் கூட்டி, இரண்டு தாள்களையும் வைத்து, ஒன்றையும் சுழியையும் கரும்பலகைக்குப் பதில் ஒரு காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினேன். ஆச்சியின் கணக்கு 800 என்று திருத்தப்பட்டது. மற்ற நான்கு கோப்புகளும் மீட்கப்பட்டன. அக்டோபர் மாத இறுதியில் ஆச்சியின் கணவர் காலமானார். நிதியின் தொகை அன்று மாலைக்குள் அவர் கைக்குச் சென்றது. இந்தப் பிழை ஒரு மாதம் கழித்துத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் மனம் நடுங்குகிறது.

பழகுவோர்க்குச் சில குறிப்புகள்

இதனால் பழைய பொறிகளைத் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தொடுங்கள், முறையோடு தொடுங்கள்.

1. முதலில் அளவு, பிறகு மாற்றம். அறை, பெட்டியின் உட்புறம், துடுப்புக் கட்டை ஆகிய மூன்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளாமல் எதையும் மாற்றாதீர்கள்.

2. மின்னிணைப்பைக் கழற்றிய பிறகே திறக்க வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் பிரிக்கவே கூடாது. இணைப்பை எடுத்த பின்னும் அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

3. தூசியை ஊதும்போது விசிறியின் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேற வழி இருக்கட்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பது விசிறியின் வாயைப் பொத்துவதாகும்.

4. தாய்ப்பலகையிலுள்ள உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் மிகைவேகத்தை மறந்துவிடுங்கள். அவற்றின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர் கைவிதி. பெட்டியைக் குளிர்ச்சியாக வைப்பது செயலிக்கு மட்டும் நன்மை செய்வதன்று.

5. பனிக்கட்டி, குளிர்பெட்டி ஆகியவற்றை நாடாதீர்கள். மழைக்காலத்தில் 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், 25 டிகிரிக்குக் கீழே எந்தப் பொருள் குளிர்ந்தாலும் அதன்மேல் நீர் அரும்பும். ஆற்றோரத்து ஊரான தாபோடியில் அத்தகைய நாட்கள் ஆவணி வரை உண்டு. மின்சுற்றும் நீரும் பகைவர்.

6. ஒரு வேகத்தை மாற்றினால், அதனோடு வேறு எவையெல்லாம் மாறுகின்றன என்று கேளுங்கள். செயலி, நினைவகம், இணைப்புப் பாதை ஆகிய ஒவ்வொன்றிற்கும் கணக்கிட்டுப் பாருங்கள்.

7. உறையாமல் ஓடுவது சான்றாகாது. விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சோதியுங்கள். கோப்புகளைப் படியெடுத்து ஒப்பிடுங்கள். குளிர்ந்த இரவில் மட்டுமன்றி, கொதிக்கும் மத்தியானத்திலும் சோதியுங்கள்.

8. பிறருடைய கணக்கு இருக்கும் பொறியில் சோதனை செய்யாதீர்கள். சோதனைக்கு வேறு பொறி தேடிக்கொள்ளுங்கள்.

எட்டாவது குறிப்பை முதலிலேயே யாரேனும் எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது ஐயமே. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன்தான் நானும்.

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இதில் பொதுவான பாடமும் உண்டு. உடைந்த கருவி நம்மை ஏமாற்றாது. அது நின்றுவிடும், நாம் திருத்திவிடுவோம். ஓடிக்கொண்டே பொய் சொல்லும் கருவியே அஞ்சத்தக்கது. அதன் பொய்யைக் கண்டுபிடிக்க நமக்குள்ள வழி ஒன்றுதான்: அக்கருவியைச் சாராத வேறொரு சான்று. என் சோதனைகள் எல்லாவற்றிற்கும் முன்னதாக அச்சான்றை வைத்திருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி. பிஸ்கட் டப்பாவில் நூல் கட்டிய பதினாறு ரசீதுகள்.

மாமாவின் பொறி இப்போது 300 மெகாஹெர்ட்ஸிலேயே ஓடுகிறது. விசிறியை மாதம் ஒருமுறை துடைக்கிறேன். நிதிக் கணக்கு பொறியிலும் இருக்கிறது. கோடுபோட்ட நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது. மாத முடிவில் இரண்டையும் ஒப்பிட்டுக் கையெழுத்திடும் வேலையை மாமா எனக்குக் கொடுத்திருக்கிறார்.